சத்தம் போடாத கதவு

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு வாணி எழுதுவது.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று லெட்சுமி டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நீங்கள் நலமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் சித்தியின் முட்டிவலி குறைந்ததா என்று கேட்கிறேன். போனில் பேசினால் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. மீதியை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கறிவேப்பிலைச் செடிக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்பா ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். புளி மட்டும் இன்னும் அவர் கைக்கு அடங்கவில்லை. நான் படிவம் நான்கின் வரலாற்றுப் புத்தகத்தை முடித்துவிட்டு, நூலகத்திலிருந்து வேறு புத்தகங்கள் எடுத்து வந்திருக்கிறேன். வீட்டில் படிக்க நிறைய அமைதி இருக்கிறது.

நம் கராஜ் கதவின் ஸ்பிரிங் உடைந்துவிட்டது. யாரும் தொடவில்லை, தானாகவே. பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், இடது பக்கத்து ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. கதவு அசைய மறுக்கிறது. அந்த ஸ்பிரிங்குகள்தான் அதன் எடையை இவ்வளவு நாளும் தாங்கியிருக்கின்றன. நம் வரிசையில் மற்ற எல்லா வீட்டுக்கும் பொத்தானை அழுத்தினால் திறக்கும் ஆட்டோ கேட் இருக்கிறது. இப்படி மேலே தூக்கும் கதவு நமக்கு மட்டும்தான். அதனால் யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

உண்மையில் கதவு உடைந்ததால் ஒரு தொல்லையும் இல்லை. நீங்கள் ஈப்போவில் சித்தி வீட்டுக்குப் போனதிலிருந்து அப்பா அதைத் திறப்பதே இல்லை. காரை ரோட்டோரம் விட்டுவிட்டு முன்வாசல் வழியாக வருகிறார்.

அந்த மாலையைப் பற்றி நாம் மூவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை, அம்மா. விமலன் அண்ணன் போர்ட் கிள்ளானில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து கதவைத் தூக்குவான். கிறீச்சென்று அது கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் நீங்கள் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பீர்கள். அப்பா எப்போதும் இருட்டிய பிறகுதான் வருவார். அண்ணனின் கருமாதி முடிந்து முதன்முதலாக வேலைக்குப் போன அன்று, நம்மைத் தனியாக விட மனமில்லாமல் சீக்கிரமே கிளம்பி வந்தார். கதவு கத்தியது. நீங்கள் கல்லை வைத்தீர்கள். மாவை ஊற்றினீர்கள். அப்பா உள்ளே வந்ததும் திரும்பிப் பார்த்து, "நீங்களா?" என்றீர்கள். அவ்வளவுதான். தோசை கருகிற்று. அப்பா அடுப்பை அணைத்தார். மறுநாள் நீங்கள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நான் குறையாக எழுதவில்லை. அந்தச் சத்தம் கேட்டபோது நானும் எழுந்து நின்றேன்.

ஸ்பிரிங்குக்கு வருகிறேன். அப்பா உங்கள் தையல் டேப்பால் உடைந்த துண்டுகளை அளந்துகொண்டார். கிள்ளான் கடைகளில் கிடைக்கவில்லை. செலாயாங்கில் நாகையா அங்கிள் என்பவர் கடை இருக்கிறதென்று யாரோ சொல்ல, நானும் அப்பாவும் போனோம். அப்பா சொன்ன அளவைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். "உடைஞ்சத அளந்து என்ன செய்யறது பாஸ்? இழுத்து இழுத்து அது நீண்டு போயிருக்கும் லா. கதவு எத்தன கிலோ, அத சொல்லுங்க," என்றார். அது எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தோம்.

கதவை எப்படி எடை போடுவது என்று நான் தேடிப் படித்தேன். நல்ல ஸ்பிரிங்கையும் கழற்றிவிட வேண்டும், பிறகு கதவை மெதுவாக இறக்கி எடைக்கருவியின் மேல் நிற்க வைக்க வேண்டும். ஜிம்மில் சேர்ந்த புதிதில் அண்ணன் வாங்கி, சில நாள் ஏறிப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினானே, அந்தக் கருவிதான். பக்கத்து வீட்டு அப்துல் ரஹ்மான் அங்கிள் ஒரு பக்கமும் அப்பா மறுபக்கமும் பிடித்தார்கள். நான் குனிந்து எண்ணைப் படித்தேன். ஐம்பத்தெட்டு கிலோ. வாணியைவிடக் கதவுதான் வேளாவேளைக்குச் சாப்பிட்டிருக்கிறது என்றார் அங்கிள். அப்பாகூடச் சிரித்தார்.

மறுபடியும் செலாயாங் போனோம். இந்த முறை இரண்டு ஸ்பிரிங்குகளையும் சாக்கில் போட்டு எடுத்துப் போனோம். நாகையா அங்கிள் வலது பக்கத்து ஸ்பிரிங்கை எடுத்து இழுத்துப் பார்த்தார். அது போன வருஷம் அண்ணன் எங்கோ பழைய சாமான் கடையில் வாங்கி வந்து, ஞாயிறு முழுக்கக் கையெல்லாம் கிரீஸோடு மாட்டியது. உங்களுக்கு நினைவிருக்கும்.

"இது லேசான கதவுக்கு உள்ளது. ஒரு பக்கம் பலமா, ஒரு பக்கம் சோடையா இருந்தா கதவு கோணிக்கிட்டுத்தான் ஏறும். சக்கரம் போய் உரசும். கத்தியிருக்குமே?" என்று கேட்டார். "யாரு மாட்டுனது?"

"என் பையன்," என்றார் அப்பா.

"அடுத்த தடவ எடை பாத்து வாங்கச் சொல்லுங்க பையன."

"சரி, சொல்றேன்," என்றார் அப்பா.

நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

அம்மா, நாம் எண்ணெய் விட்டு விட்டுப் பார்த்தும் போகாத அந்தச் சத்தம் அண்ணனின் பிழை. சரியான ஜோடியை மாட்டினால் அது இனி வராதாம். இடது பக்கத்துக்கு மட்டும் புதிதாகப் போட்டு அண்ணனுடையதை வைத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் கதவு பழையபடி கத்தும். நாகையா அங்கிள் அது வேண்டாம் என்கிறார். அப்பா ஜோடியைத்தான் வாங்கினார். டோலைத் தாண்டினோம். பிறகு, "அம்மாவுக்கு அந்தச் சத்தம் வேணுமா வேணாமா, வாணி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

புதிய ஜோடி சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் அப்பா மாட்ட மாட்டார். உங்களிடம் கேட்கவும் மாட்டார். அதனால் நான் கேட்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும் மகள்,
வாணி


கிள்ளான்,
வியாழக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் நீங்கள் போன் செய்து "மாத்திடுங்க" என்று சொன்னதாக அப்பா சொன்னார். வேறு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வேறொன்றும் இல்லை, கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தாள் என்றார்.

நாகையா அங்கிள் ஆள் அனுப்பி மாட்டிக் கொடுத்தார். இப்போது இரண்டு விரலால் தூக்கினாலே கதவு மேலே போகிறது. கோணவில்லை, உரசவில்லை. ஆள் போன பிறகு அப்பா அதைப் பல தடவை ஏற்றி இறக்கி, காதைச் சாய்த்து நின்றார். எனக்கும் அந்தக் கிறீச் கொஞ்சமாவது மிச்சமிருக்காதா என்று இருந்தது.

அண்ணனின் ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. மண்ணெண்ணெயில் துடைத்து, காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறோம். அன்று விளக்கேற்றிய பிறகு அப்பா அண்ணன் படத்தின் முன்னால் நின்றார். நான் அறையில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "எடை பாத்து வாங்கணுமாம்டா," என்று மெல்லச் சொன்னார். நாகையா அங்கிளிடம் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டாரல்லவா.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கதவு மாற்றிய மறுநாள் நான் சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். திரும்பினால் அப்பா நிற்கிறார். சத்தமே கேட்கவில்லை. பயந்து தம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்தார். தரையைத் தானே துடைத்தார்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து, காரை உள்ளே விட்டுக் கதவை இறக்கியதும், கராஜிலிருந்தே "நான்தான்" என்று குரல் கொடுக்கிறார். நான் எந்த அறையில் இருந்தாலும் அவர் முகம் சமையலறைப் பக்கமாகவே இருக்கிறது. "வாங்கப்பா," என்கிறேன்.

கடையில் வாங்கும் தோசை மாவு புளிக்கிறது. நான் அரைத்தது கல்லில் ஒட்டிக்கொண்டது. கறிவேப்பிலை புதிதாகத் துளிர் விட்டிருக்கிறது. இனி அந்தக் கதவு உங்களை ஏமாற்றாது, அம்மா. வருவது யார் என்று அப்பாவே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். ஆனால் அவருக்குப் பதில் சொல்ல நான் ஒருத்தி போதவில்லை.

உங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதும்,
வாணி