பிள்ளை மடுவத்துப் பால் பதம்

என் செல்லத் தம்பி மோகனுக்கு,

பஸ்ஸின் பின்பக்கத்தில் நீ பாதியில் விட்டுப்போன சிவனொளிபாத மலைப் படத்தை நான் முடித்துவிட்டேன். நம்பமாட்டாய். நானே இன்னும் முழுசாக நம்பவில்லை.

எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன் காரியம் முடிந்த மறுநாளே பஸ் முதலாளி பலாங்கொடையிலிருந்து வந்துவிட்டார். "மலை யாத்திரை சீசன் வருது தங்கச்சி. பாதி மலையோட பஸ் ஓட ஏலாது. அது மேல வெள்ளை அடிக்கிறேன், கோவம் வேணாம்" என்றார். அது உன் கடைசிப் படம். என் வாய் சும்மா இருக்குமா? "ஒரு நாள் குடுங்க மாத்தயா, நான் முடிச்சித் தர்றேன்" என்றுவிட்டேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். உனக்குப் பெயின்ட் கலந்து கொடுத்தவள் நான். பெயின்டைக் காற்றோடு பீய்ச்சும் உன் ஏர்பிரஷ்ஷைப் பிடித்தவள் இல்லை. முதல்முறை கெட்டியாகக் கலந்து அதன் மூக்கை அடைத்தேனே, என்ன கத்து கத்தினாய்! "இது வீட்டுக் கெட்டிப் பாலு அக்கா! எனக்குப் பிள்ளை மடுவத்துப் பாலு வேணும்!" கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் மடுவத்தில் நான் தண்ணியாகப் பால்மா கரைக்கும் லட்சணத்தைக் கேலி செய்தாய். அன்றிலிருந்து பெயின்டை இளக்கும் தின்னரை அந்தப் பதத்துக்குத்தான் ஊற்றினேன். டம்ளரில் சுழற்றினால் ஓரத்தில் மெல்லிசாகப் படிந்து இறங்க வேண்டும்.

அன்றும் அப்படியே கலந்து, பழைய நைலான் துணியில் வடித்து, தகரத்தில் அடித்துப் பார்த்தேன். எதையும் தொடாமலே நீலம் காற்றிலிருந்து வந்து உட்கார்ந்தது. அடேய், இந்த அதிசயத்தையா இத்தனை வருஷம் கையில் வைத்திருந்தாய்? ஒருமுறையாவது தந்திருக்கக் கூடாதா? நான்தான் கேட்டேனா?

மலையின் இடுப்பிலிருந்து அடிவாரம் நோக்கி அடித்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் அடித்தால் ஈரம் ஏறி வெள்ளை பூத்துவிடும் என்று நீ டப்பாவை மூடிவிடுவாய். எனக்கு இருந்தது அந்த ஒரு நாள்தானே? அடித்தேன். கண்ணெதிரே நீலம் வெளுத்தது. உன் மலையை நானே கெடுத்துவிட்டேன் என்று டயர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது ஓய்ந்து நிமிர்ந்தால், மோகன், அது பனி! விடிகாலையில் நம் லயத்து வீட்டு வாசலிலிருந்து தெரியுமே, அதே பனி. மலையின் இடுப்பைச் சுற்றிக் கிடந்தது, உச்சி மட்டும் மேலே. வெறும் தின்னரை லேசாக அடித்தால் வெளுப்பு போய்விடும். தின்னரைக் கையில் எடுத்தேன். அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

முதலாளி பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். "இது தம்பி செஞ்சதா, நீங்க செஞ்சதா?"

"மலை அவன் செஞ்சதுங்க. பனி யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

வடக்கில் சண்டை நின்றதால் இந்த சீசனுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காலையில் பஸ் மடுவத்தைத் தாண்டும்போது பிள்ளைகள் உன் மலைக்குக் கையாட்டுகின்றன.

அந்தப் பனியை யாரும் துடைக்க விடமாட்டேன். உன் ஏர்பிரஷ்ஷும் இனி என் கையில்தான். இன்னொன்றும் சத்தியம்: பிள்ளைகளுக்கு இனிமேல் வீட்டுப் பால். தண்ணிப் பால் உன் மலைகளுக்கு மட்டும்தான்.

உனக்குப் பால் கலந்த,
உன் அக்கா