நான் சரிசெய்துவிட்ட ஃபேன்

ஆகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை, காலை எட்டு நாற்பது. பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் ஏழு பேர். ஏணி மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அக்கா. கையில் நம் கிடங்கு ஃபேனின் பழைய பேரிங். பழைய கிரீஸ் நாற்றம். விரலால் சுற்றினால் ஓரிடத்தில் சிக்குகிறது. ஃபேன் சுற்றும்போது வந்த உங்கள் 'டக்' சத்தம் அங்கேதான் இருந்திருக்கிறது.

காய்ச்சல் என்று பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிய நீங்கள் உயிரோடு திரும்பவே இல்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு நீங்கள் சனிக்கிழமைதோறும் ஓவிய சிகிச்சை நடத்திய பெருமாட்டி ஊர்க் கொப்பரைக் கிடங்கு ஐந்து வாரம் பூட்டிக் கிடந்தது. போன வாரம் நான் திறந்தேன். திறக்கும் முன், உங்களுக்கு மரியாதை என்று நினைத்து, ஃபேனைக் கழற்றிப் புது பேரிங் போட்டேன். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவனுக்கு வேறென்ன தெரியும்? சத்தமே இல்லை. எனக்குப் பெருமை.

அந்த ஏழு பேரில் ஒருவரான என் கதிரண்ணன் வாசலில் நின்று மேலே ஃபேனைப் பார்த்தார். காதைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். கொழிஞ்சாம்பாறை பஸ்காரர் பிரேக் போட்டதால் எனக்கு இன்னும் அண்ணன் இருக்கிறார். முப்பத்து நாலு வயது ஆளை நடுரோட்டில் கையைப் பிடித்து இழுத்துக் கத்தினேன். அதன்பின் அவர் ஒரு கோடுகூட வரையவில்லை. என்னைப் பார்ப்பதும் இல்லை.

"இன்னொருக்கா ஓடுனா ஹோம்ல உட்டர்லாம்டா. பஸ்ஸுக்குக் காவு குடுக்க முடியாது" என்கிறார் அப்பா. அந்த இன்னொருக்கா நடக்குமா என்பது இன்றைக்குத்தான் தெரியும்.

அண்ணன் ஓடியது நீங்கள் இல்லாத துக்கத்தில் என்றே எல்லோரிடமும் சொன்னேன். ஏழு பேரில் ஒருத்தரான செல்விதான் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "அக்காவும் பேசறதில்ல. ஃபேனும் பேசறதில்ல. ரெண்டையும் ஒண்ணா எதுக்குங்க புடுங்குனீங்க?"

அப்போதிலிருந்து அண்ணனை உங்களிடம் கூட்டி வந்த முதல் நாளே மனதில் ஓடுகிறது. அண்ணன் மூலையில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தலையணையை மட்டும் வைத்துவிட்டு, தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்தீர்கள்.

"ஏதாச்சும் பண்ணுங்க, சும்மா உக்காந்திருக்கறீங்க" என்று எரிந்து விழுந்தேன்.

"பண்ணிட்டுத்தானுங்க தம்பி இருக்கறேன்."

மேலே ஃபேன் டக் என்றால் தாளில் நீங்கள் போடும் ஒரு நீலக் கோடு. இன்னொரு டக், இன்னொரு கோடு. அவரைக் கூப்பிடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் முட்டுவதும் அந்த டக்கோடு சேர்ந்துகொண்டது. பிறகு நின்றது. ஒரு கை நீண்டு இரண்டாவது தூரிகையை எடுத்தது.

மறுவாரம் நான் ஏணியோடு வந்தேன். "வந்துட்டாருங்க ரிப்பேர்காரர்! ஃபேனுக்கா, உங்கண்ணனுக்கா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தீர்கள். எனக்கு ஆத்திரம். "ரெண்டும் ஓடுதுல்லங்க, உடுங்க. வந்து உக்காருங்க." பத்து நிமிடம் உட்கார்ந்தேன், பிறகு போனை எடுத்துவிட்டேன். அதையும் கவனித்தீர்கள். "பத்து நிமிசம் உக்காந்தீங்கல்ல? அதுக்கு உங்களையே ஒருக்கா மெச்சிக்கங்க. உங்க மேலயும் கொஞ்சம் எரக்கம் வேணுங்க" என்றீர்கள். அன்று அது எனக்குக் கேலியாகப் பட்டது.

சுத்தியலால் தட்டிக் கழற்றிய பேரிங் இது. திரும்பப் போட்டால் அதே டக் வருமா? வேறு சத்தம் வந்தால் அண்ணன் என்ன செய்வார்? எந்த ஃபார்முலாவும் இதற்கு உதவவில்லை. சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பத்தைந்து. இனி செய்யப்போவது:

1. பழைய பேரிங்கை மாட்டுவேன். ரெகுலேட்டரை ஒன்றாம் வேகத்தில் வைப்பேன்.
2. ரோட்டுக் கேட்டில் அப்பாவை உட்கார வைப்பேன். அவர் முறைத்தாலும்.
3. தலையணை, நீலச் சாயம், இரண்டு தூரிகை.
4. நடுரோட்டில் கத்தியதற்கு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்பேன். பதில் எதிர்பார்க்க மாட்டேன்.
5. தள்ளித் தரையில் உட்கார்ந்து கோடு போடுவேன். வா என்று கூப்பிட மாட்டேன்.
6. டக் வராவிட்டால் விரலால் தரையைத் தட்டுவேன், வகுப்பு முடியும் பன்னிரண்டு மணி வரை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.