நீடிய எருமை

அன்புள்ள ஜெயசீலி,

முதலில் செய்தி. இந்த ஞாயிறு காலை ஆராதனையில் நம் பெரியவள் கெசியா வேதபாடம் வாசித்தாள். முழுவதும் வாசித்தாள். மூன்றாம் பெஞ்சில் இருந்து நானே கேட்டேன். தகப்பன் சொல்லைச் சாட்சியாக எடுக்க முடியாது என்பதால், மணியடிக்கும் கோயில்பிள்ளையிடமும் கேட்டு உறுதிசெய்தேன். "ஒரு எழுத்து விடல சார். நான் புஸ்தகத்தத் திறந்து வச்சு விரல ஓட்டிக்கிட்டுல்லா நின்னேன்" என்றார்.

நீ போய் இரண்டு வருஷம். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் முதலில் சொல்வேன்?

கெசியாவுக்குப் பேச்சு திக்கும் என்பது உனக்குத் தெரியும். இதைப் பத்திரிகையில் வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். அதிலும் 'ப' வரிசை அவளுக்குப் பெரிய மேடு. சாயங்கால ஜெபத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். ஒன்பது வயதில் அவள் வேதத்தில் வரும் ஆவியின் கனிகளை வரிசையாகச் சொல்லிப் பழகினாள். அன்பு, சந்தோஷம், சமாதானம் வரை தெளிவாக வருவாள். 'நீடிய பொறுமை' என்ற இடத்தில் 'பொ'வில் நின்றுவிடுவாள். உடனே நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். பேட்டியில் எதிரே இருப்பவர் தடுமாறினால் சொல்லை எடுத்துக் கொடுத்தே பழகிய நிருபர் தொழில் எனக்கு.

"ஏங்க, பிள்ள வாயில இருக்கத ஏன் பிடுங்குதிய?" என்பாய்.

"உதவில்லா ஏட்டி செய்தேன்."

"நல்ல உதவி! வசனமே பொறுமையப் பத்தி. அத அவ சொல்லி முடிக்க நீங்க பொறுக்க மாட்டேங்கிய."

அப்போது சின்னவள் பெர்சிக்கு நான்கு வயது. அக்கா சொல்வதைக் கேட்டே எல்லாம் படித்தாள். ஒரு சாயங்காலம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய எருமை" என்றாள். அக்கா திக்கும் சத்தமும் நான் அவசரமாக எடுத்துக் கொடுக்கும் சத்தமும் ஒன்றோடொன்று மோதியதில், அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான்.

நீ சிரித்தாய். கெசியாவும் சிரித்தாள். அந்தச் சொல்லுக்குப் பயப்படாமல் அவள் சிரித்தது அன்றுதான். நீ சின்னவளைத் திருத்தக்கூட இல்லை. "சரியாத்தாம்ட்டி சொல்லியிருக்கா. ராயகிரி பஸ்ஸுக்கு முன்னால படுத்துக் கிடக்குமே, எத்தன ஆரன் அடிச்சாலும் அசையுதா? நாமளும் அப்படி இருக்கணும்" என்றாய். அன்றே புதுச் சட்டமும் வந்தது. யார் அவசரப்பட்டாலும் மற்றவர் 'எருமை' என்று சொல்லலாம். கேட்டவர் வாயை மூட வேண்டும். ஊர் வசவாகச் சொல்லும் வார்த்தை நம் வீட்டில் போதனையாயிற்று. அதை அதிகம் வாங்கியவன் நான்.

உன்னை அடக்கம் செய்த வாரத்தில் ஜெபத்தை நான் நடத்தினேன். பாயில் உன் இடம் காலியாக இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. கெசியா 'பொ'வில் நின்றாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அதன்பிறகு பல மாதம் வசனமே சொல்லவில்லை. வகுப்பில் வருகைப்பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குகிறாள் என்று அவளுடைய ஆசிரியை சொன்னார். இதை உனக்கு எழுத இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை.

பெர்சிதான் உன் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். "அக்கா சொல்லுத வரைக்கும் ஆமென் கிடையாதுப்பா. நீங்களும் எருமை, நானும் எருமை" என்றாள். உட்கார்ந்தோம். சில நாள் சோறு ஆறிப்போனது. சில நாள் ஒரு சொல்கூட வரவில்லை. ஒரு நாள் 'அன்பு' வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் 'சமாதானம்' வரை வந்துவிட்டாள்.

போன மாதம் அவளே சபைப் போதகரான ஐயரிடம் போய்ப் பாடம் வாசிக்க இடம் கேட்டாள். கேட்டு வாங்கியது கனிகள் வருகிற அதே பகுதியை. வேறு எடுக்கலாமே என்றேன்.

"அதுதாம்ப்பா எனக்கு வேணும்" என்றாள்.

ஞாயிறு வந்தது. சமாதானம் வரை வாசித்தாள். 'நீடிய' என்றாள். நின்றாள். மைக்கில் அவள் மூச்சு கேட்டது. பின்னால் யாரோ செருமினார்கள். எனக்கு அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என் வாய் திறந்ததைப் பெர்சி பார்த்துவிட்டாள்.

"எருமை!" என்றாள், நல்ல சத்தமாகவே.

முன் பெஞ்சு முழுவதும் திரும்பியது. மேலே நின்ற கெசியாவுக்கும் கேட்டிருக்கிறது. சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தோடே, அவசரமில்லாமல், "பொறுமை" என்றாள். மீதியை எங்கும் நிற்காமல் வாசித்து முடித்தாள். தொழில் புத்தி, கடிகாரம் பார்த்திருந்தேன்: அந்தச் சொல்லில் அவள் நின்றது பதினோரு விநாடி. ஏழு வருஷம் ஏறிய மேடு, ஜெயசீலி!

வெளியே வந்ததும் கோயில்பிள்ளை கேட்டார்: "என்ன சார், கோயிலுக்குள்ள வச்சே சின்னது உங்கள எருமைங்கா?"

"அது எங்க வீட்டுப் பட்டம் அண்ணாச்சி" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

இனி தெரிய வேண்டியது ஒன்று. ஓய்வுநாள் பள்ளியில் பாலர் வகுப்பு எடுக்கக் கெசியா பெயர் கொடுத்திருக்கிறாள். அந்தப் பிஞ்சுகளுக்கு எருமைக் கதையைச் சொல்லப் போகிறாளாம். ஐயர் வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளிடம் பதில் சொல்வார். ஒரு போன் போட்டால் எனக்கு இன்றே தெரிந்துவிடும். முப்பது வருஷம் அப்படித்தான் பிழைத்தேன். போட மாட்டேன். கோயில் வாசலில் நிற்பேன். அவள் நடந்து வந்து, எந்த எழுத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும், அவளே சொல்லி முடிக்கும்வரை என் வாய் திறக்காது. இது உனக்கு என் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
கெசியாவுக்கும் பெர்சிக்கும் அப்பா,
பட்டம் பெற்ற எருமை
சங்கரன்கோவில்