காலி வண்டியின் பாரம்

என் வீட்டுக்காரிக்கு,

நானே எழுதும் முதல் கடிதம் இது. மகளைப் படிக்கச் சொல்லிக் கேள்.

நம் மாடு செவலையை அடிமாட்டுக்கு விற்றேன் என்று கோபித்துக்கொண்டு போனாயே, அதன் பிறகு ஒரு பிக்கப் வண்டி வாங்கினேன். ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளுக்கு மாட்டுத்தோல் ஏற்றிய பழைய வண்டி. ஒடுகத்தூர் மேட்டில் மூட்டைகளோடு திணறாமல் ஏறுகிறது. டீசலும் கம்மி. குறை ஒன்றுதான். காலியாக இருந்தாலும் பின்பக்கம் அமுங்கியே நிற்கிறது.

எடை மேடைக்காரன், "இன்னா பெருசு, லோடை எறக்காமயே வந்துட்டியா?" என்று சிரித்தான். பின்னால் எட்டிப் பார்த்து, ஒன்றுமே இல்லை என்று கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

வளைவுகளில் அந்தக் காலிப் பின்பக்கத்தில் குளம்புகள் நகரும் சத்தம் கேட்கிறது. நேற்று வைக்கோல் போட்டு, "செவலை" என்று கூப்பிட்டேன். அத்தனை குளம்புச் சத்தத்தில் ஒன்று மட்டும் என் பக்கம் நடந்து வந்தது. உள்ளங்கையில் சூடாக மூச்சு விட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இனி உனக்குக் கோபம் எதற்கு? வெள்ளிக்கிழமை அழைத்துப்போக வருகிறேன். முன்னால் உட்கார்ந்துகொள். பின்னால் இடமில்லை.

உன் வீட்டுக்காரன்