அண்ணனுக்கு என் எலும்பு மஜ்ஜை

செவ்வாய்க்கிழமை, இரவு

அண்ணனின் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோயிருக்கிறது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எதுவுமே போதிய அளவில் உருவாகவில்லை. என் மஜ்ஜை அவனுக்குப் பொருந்துகிறதாம். நரம்பில் ஏற்றினால் போதும், அதுவே வழி கண்டுபிடித்து அவன் எலும்புக்குள் குடியேறிவிடுமாம். பிறகு அவன் உடம்பிலும் என் ரத்த வகைதான் ஓடும்.

நான் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டபோது, "ஏட்டி, நீ எங்க ரத்தமே இல்ல" என்று தாராவிச் சந்தில் வைத்துக் கத்தியவன் அவன். ஆறு வருடமாயிற்று. இன்றைக்கும் வார்டில் என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

டாக்டரம்மா இந்தியில் சொல்லச் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது, இந்தி ஒரு வார்த்தை தெரியாது. நடுவில் டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். எனக்கு விருப்பமில்லை என்றால் சொல்லிவிடலாமாம். என்னால் கொடுக்க முடியாது என்று மட்டும் எழுதிவிடுவாராம், காரணத்தை யாரிடமும் சொல்ல மாட்டாராம்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "என்னட்டி சொல்லுதாவ?"

"நான் என்னைக்கு அட்மிட் ஆக வாரேன்னு கேக்காவம்மா."

அது எப்படி என் வாயில் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. அம்மா அழுதுகொண்டே டாக்டரம்மாவைக் கும்பிட்டாள். "நாளைக்கே வாரோம்னு சொல்லுட்டி."

டாக்டரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தியில் நான் என்ன சொன்னாலும் அம்மாவுக்குப் புரிந்திருக்காது.

அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.