ஏழு குளத்து அரசனின் கடைசிக் கொப்பி

மச்சான்,

இன்று காலை அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தேன். மண்ணெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. நீ போய் ஒன்றரை வருடமாகிவிட்டது, அந்த மணம் மட்டும் போகவில்லை. தண்ணீர்ப் பம்பு திருத்திய கையோடு எழுத உட்காருகிறவன் நீ. உன் கொப்பியில் பக்கத்துக்கொரு பெருவிரல் கறுப்பாகப் பதிந்திருக்கும். சேலைக்கெல்லாம் மணம் ஏறுகிறது, அந்தக் கொப்பியை வேறெங்காவது வையுங்கோ என்று என் மனைவி எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். நான் அசையவில்லை. அதைத் தொடவே எனக்குப் பயம்.

இன்று தொட வேண்டியதாயிற்று. நேற்று உன் மகள் தொலைபேசி எடுத்தாள். “மாமா, அப்பான்ர கொப்பி பதினொண்டு என்னட்டை இருக்கு. பன்னிரண்டாவது உங்களிட்டை எண்டு அம்மா சொல்லுறா. நாளைக்கு வட்டக்கச்சிக்கு வாறன், எடுத்து வையுங்கோ.” ஓம் பிள்ளை என்றேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

கோயிலில் புராணம் படிக்கிற நாட்களில் நீ பாட்டை வாசிப்பாய், நான் பயன் சொல்வேன். ஒருவர் வாசிக்க மற்றவர் பொருள் விரிப்பது இங்கே வழக்கம்தானே. உன் குரலுக்குச் சனம் நிமிர்ந்து உட்காரும். என் விளக்கத்துக்குக் கொட்டாவி விடும். ஒரு வருடம் படிப்பு முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, “நானே ஒரு கதை எழுதப்போறன், நீ பயன் சொல்லு” என்றாய். பகிடி என்று நினைத்தேன். அடுத்த கிழமை உன் பட்டறையில், பிரித்துப் போட்ட பம்புகளுக்கு நடுவில் நின்று முதல் கொப்பியை நீட்டினாய்.

ஏழு குளங்களை ஆளும் மருதவரையனை அந்தக் கொப்பியில்தான் சந்தித்தேன். நெருப்புக் கொக்குகளை ஏவும் கடலரசனுக்குப் பயந்து ஊர் ஊராகச் சனம் அவன் கோட்டைக்கு ஓடி வருகிறது. என் வாசலுக்குள் வந்த ஒருவரையும் கைவிட மாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுக்கிறான். அந்த வாக்கோடு ஒரு சாபமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. நாளுக்கு நாள் அவன் நிழல் குறையும், நிழல் இல்லாமல் போகும் அன்று அவன் சாவான், அவன் செத்தால்தான் கொக்குகள் சனத்தை விட்டுப் போகும். அது அவனுக்கும் தெரியும், சனத்துக்கும் தெரியும். பத்துக் கொப்பிக்கு அந்த நிழலை அங்குலம் அங்குலமாகக் குறைத்தாய். பல்லி சொன்னாலே வீட்டுப் படலையைத் தாண்டாதவன் நான். உன் புண்ணியத்தில் வெயிலில் நடக்கும்போதெல்லாம் என் நிழலையும் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன்.

“அவனைக் கொல்லாதையடா” என்று ஒருநாள் கெஞ்சினேன்.

“நான் எங்க கொல்லுறன்? அவன் வாக்குக் குடுத்திட்டான்” என்றாய்.

பதினோராவது கொப்பியில் இருக்கும்போது உன் சிறுநீரகம் பழுது என்றார்கள். கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தம் செய்ய வவுனியாவுக்கு பஸ் ஏறினாய். ஒருநாள் உச்சி வெயிலில் பஸ்ஸால் இறங்கி, வீங்கிய காலை ஊன்றி நின்று கீழே பார்த்தாய். “பாரடா, என்ர நிழலும் கட்டையாப் போச்சு” என்று சிரித்தாய். உச்சி வெயிலில் எல்லாருக்கும் நிழல் கட்டைதான், அது எனக்குத் தெரியாததா? ஆனாலும் உன் நிழலை மிதிக்காமல் விலகி நடந்தேன். அன்றிலிருந்து மருதவரையனும் நீயும் எனக்கு ஒருவராகிப் போனீர்கள். அவன் சாகாமல் இருக்கும்வரை நீயும் இருப்பாய் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

நான் வாசிக்கப்போகிற அடுத்த அத்தியாயத்தில் அரசன் சாக வாசலைத் தாண்டுவான் என்று நீ சொன்ன அன்றுதான் அதைச் செய்தேன். எழுத்துப்பிழை பார்த்துத் தாறன் என்று பொய் சொல்லி, இன்னும் எழுதி முடியாத பன்னிரண்டாவது கொப்பியை வாங்கிக்கொண்டு வந்தேன். பழைய சேலைகளுக்குக் கீழே வைத்தேன். ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

“பிழை பார்த்து முடிஞ்சுதோ?” என்று பட்டறையில் கேட்டாய். இன்னும் இரண்டு நாள் என்றேன். பிறகு உனக்குப் பட்டறைக்கு வரவே முடியாமல் போயிற்று. கடைசியாக உன் வீட்டில், தலையணையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “கொப்பியைக் கொண்டு வா. உள்ளுக்க நிக்கிற சனத்தை வெளியில விடவேணும்” என்றாய். உன் மனைவி காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்து நெற்றியைத் துடைத்துவிட்டாள். எனக்கு அது கதை என்று தெரிந்தது. சனம் வெளியே வருவதென்றால் முதலில் அரசன் சாகவேண்டுமே என்று நடுங்கினேன். “நாளைக்குக் கொண்டு வாறன்” என்றேன். “மறக்காதை” என்று என் கையைப் பிடித்தாய். அடுத்த நாள் காலையில் நீ மோசம் போய்விட்டாய், செத்த வீட்டுக்குத்தான் நான் வந்தேன்.

இன்று வாசித்தேன், மச்சான். ஒன்பதாம் பக்கத்திலேயே அவன் செத்துவிட்டான். கொப்பி என் கைக்கு வருமுன்பே நீ அதை எழுதி முடித்திருக்கிறாய். நிழல் இல்லாமல் வாசலைத் தாண்டி நடக்கிறான், கொக்குகள் இறங்குகின்றன, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரே ஒரு வரி: “உள்ளே நின்ற சனம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.” மிச்சப் பக்கமெல்லாம் வெறுமை. நீ இரண்டு தரமும் கேட்டது அந்த வெறும் பக்கங்களைத்தான்.

கொப்பியோடு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். நீயும் நானும் யுத்த காலத்தில் அப்படி நின்றவர்கள். தலைக்கு மேல் பிளேன் சத்தம் கேட்க, பதுங்குகுழிக்குள் யாருடைய பிள்ளையென்று தெரியாத ஒரு பிள்ளையை ஆளுக்கொரு கையால் பொத்திக்கொண்டு நின்றோம். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. நீ பன்னிரண்டு கொப்பியாகக் கதைத்திருக்கிறாய். பயன் சொல்ல வந்த எனக்கு அது விளங்கவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று அந்தச் சனத்தை ஒன்றரை வருடம் இருட்டில் பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

மத்தியானம் உன் மகள் வந்தாள். நான் வாசித்தேன், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வரியில் நிறுத்தினேன்.

“பிறகு, மாமா?”

“பிறகு இல்லைப் பிள்ளை. அப்பா மிச்சத்தை எழுதக் கொப்பி கேட்டவர். நான்தான் கொப்பியைக் குடுக்கேல்லை.”

அவள் என் கையிலிருந்த கொப்பியின் வெறும் பக்கங்களைப் புரட்டினாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“அப்பா என்ன எழுத இருந்தவர் எண்டு தெரியுமோ?”

“சனத்தை வெளியில விடவேணும் எண்டு சொன்னவர்.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு பேனையை எடுத்து என் கையில் வைத்தாள். “அப்ப விடுங்கோ.”

எழுதினேன். உன் எழுத்துக்குக் கீழே என் கோணல் எழுத்தில் ஒரே வரி: கதவு திறந்தது, சனம் வெளியே வந்தது. அவள் குனிந்து வாசித்தாள்.

“எல்லாருமோ, மாமா?”

பதுங்குகுழியில் பொத்திப் பிடித்த அந்தப் பிள்ளையை நினைத்தேன். “ஓம் பிள்ளை, எல்லாரும்” என்றேன்.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். நீ இருந்திருந்தால் அப்படி எழுதியிருப்பாயோ, எனக்குத் தெரியாது. கொப்பியை அவள் கொண்டுபோய்விட்டாள். எல்லாரும் வந்திருப்பார்களோ என்ற பயத்தை மட்டும் நான் வைத்திருக்கிறேன்.