உறை பிரிக்காத சட்டை

அக்டோபர் 12, சனி

ஜெயித்தோம்! பன்னிரண்டு வருடமாக அசைக்க முடியாத மார்லோ பல்கலைக்கழகத்தை, எங்கள் மைதானத்தில், எண்பதாயிரம் பேர் முன்னால். அமெரிக்கக் கால்பந்தில் பெரிய ஆட்டம் ஜெயித்தால் பையன்கள் ஐஸ் தண்ணீர் வாளியைத் தலைமைப் பயிற்சியாளர் தலையில் கவிழ்ப்பார்கள், அதாவது என் தலையில். கடைசி நிமிடத்தில் ஒன்றும் தெரியாதவன்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மாற்றுச் சட்டைகூட வாங்கி அலுவலகத்தில் வைத்திருந்தேன்.

வாளி ரோனல் கியரி தலையில் கவிழ்ந்தது. என் உதவியாளன். முப்பத்து நாலு வயது. நான் வேலைக்கு எடுத்தவன்.

வீட்டுக்கு வந்ததும் லூவான் கேட்டாள்: "என்னய்யா, சொட்டு ஈரம்கூட இல்லாம வந்து நிக்கிற?" கட்டிய மனைவிக்கு எங்கே குத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

பார்பிக்யூ கடையில் உட்கார்ந்து ரசிகர்களின் கேள்விக்கு நான் பதில் சொல்லும் வாராந்திர வானொலி நிகழ்ச்சி. போனில் வந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்கு ரோனல் பேச்சுதான். ஒரு பெரியவர், "கோச், அந்தத் தம்பி போடுற திட்டத்தை நீங்க கெடுக்காம இருந்தாலே போதும்" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, மசாலாவைக் குறை சொல்ல முடியாது.

நவம்பர் 3, ஞாயிறு

நேற்றும் ஜெயித்தோம். பேப்பரில் அவன் படம்.

நவம்பர் 19, செவ்வாய்

வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளர் வேண்டுமாம். ரோனல் எப்படி என்று என்னைக் கேட்டார்கள். நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொல்லை விட்டது. ஆனால் எனக்கு அந்த நாற்காலி கிடைக்க ஐம்பத்தோரு வயது ஆனதே — இவனுக்கு இப்போதேவா?

"கெட்டிக்காரன்தான்" என்றேன். கொஞ்சம் இழுத்து, "ஆனா... பொறுப்பைத் தாங்குவானான்னு தெரியல."

பச்சைப் பொய். மத்தியானச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 30, சனி

வருடத்தின் கடைசி ஆட்டம். எங்களுக்குக் கடைசி முயற்சி, ஜெயிக்கப் பந்து இன்னும் மூன்று கெஜம் முன்னேற வேண்டும். "பந்தை எறியலாம், கோச்" என்றான் ரோனல். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னேன். தோற்றோம். அவன் சொன்னான் என்பதற்காகவே மாற்றினேன் — போதுமா? இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 2, திங்கள்

விளையாட்டுத் துறைத் தலைவர் பெக் ஹாலிடே அவர் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார். அப்போதே புரிந்துவிட்டது. என்னை விலக்கிவிட்டார்கள்.

"ரோனலைத்தான் போடுறோம், வர்ன். நல்லவேளை, அவனைக் கேட்ட வடக்குக்காரங்க கடைசி நேரத்துல பின்வாங்கிட்டாங்க. அவன் போயிருந்தா இன்னும் ஒரு வருஷம் உங்களையே வெச்சிருப்போம். வேற ஆள் ஏது?"

என் வாயாலேயே கெட்டேன்.

டிசம்பர் 4, புதன்

அறையைக் காலி செய்தேன். பெட்டி தூக்க ரோனல் வந்தான்.

"வடக்குல உங்ககிட்டதான் விசாரிச்சாங்களாமே. எனக்காகப் பேசினதுக்கு நன்றி, கோச். அவங்களுக்குக் கொடுத்துவைக்கல, அவ்வளவுதான்."

குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே அந்த மாற்றுச் சட்டை, உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அதையும் அவன்தான் எடுத்துப் பெட்டியில் வைத்தான்.

"புதுசா இருக்கே, ஏன் போடவே இல்ல?"

அளவு சரியில்லை என்றேன்.